திறந்து பார்த்தால்தான் தெரியும்

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. நாலு வருஷம் அவரிடம் வண்டியை விட்டிருக்கிறேன், ஒரு நாளும் பெயரைக் கேட்கத் தோன்றவில்லை. என் போனில் அவருடைய எண் ‘தெரியாது’ என்ற பெயரில்தான் இருந்தது. அப்படிப் போட்டவள் நான்தான். எதைக் கேட்டாலும் அந்த மனிதர் வாயிலிருந்து முதலில் வருகிற வார்த்தை அதுதான்.

மழை வருமா என்று கேட்டால் தார்ப்பாய்க்கு வெளியே வந்து, அண்ணாந்து பார்த்து, கையைத் துடைத்துக்கொண்டு, தெரியாது என்பார். மதியம் சாப்பிட எத்தனை மணிக்கு வருவீர்கள் என்று அவர் மனைவி தினமும் போனில் கேட்பாள். அவளுக்கும் அதே பதில்தான். அந்த அம்மாள் எதற்காகத் தினமும் கேட்கிறாள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. பக்கத்தில் எண்ணெய் டின்களைத் தட்டி நிமிர்த்துகிற பட்டறைக்காரர், “இவர்ட்ட பேரைக் கேட்டாலும் பாத்துட்டுத்தான் சொல்லுவாரு” என்று கேலி செய்வார். அதனால்தானோ என்னவோ நான் கேட்கவில்லை.

தாராவியில் தொண்ணூறடி ரோட்டிலிருந்து உள்ளே திரும்புகிற ஒரு சந்து முனையில் நீலத் தார்ப்பாய் கட்டிய இடம் அவருடைய கடை. பெயர்ப்பலகை கிடையாது. ஏதோ ஒரு வண்டியிலிருந்து கழற்றிய பின்சீட்டு ஒன்று, வந்தவர்கள் உட்காரக் கிடக்கும். ஒல்லியான மனிதர், அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடியின் ஒரு காதைச் செம்புக் கம்பி சுற்றிக் கட்டியிருப்பார். சட்டைப் பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பம்பாயில் நாற்பது வருஷம் இருந்தும் பேச்சில் ஊர் போகவில்லை.

அவர் அப்படி என்றால் நான் நேர் எதிர். செம்பூரில் ஒரு ஆபீஸில் விசாரணைக் கவுண்டரில் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தவள். “நாளைக்கு வந்துடும் சார்”, “அடுத்த வாரம் கட்டாயம் ஆயிடும் மேடம்” என்று சொல்லிச் சொல்லியே சம்பளம் வாங்கியவள். வந்துவிடுமா என்று எனக்கும் தெரியாது, கேட்கிறவருக்கும் அது தெரியும், ஆனாலும் ஒரு நல்ல வார்த்தையோடு அனுப்பிவைப்பதுதானே மரியாதை என்று நினைத்திருந்தேன். அப்படிப்பட்டவள் இவரிடம் போய் மாட்டிக்கொண்டேன்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. என் கணவருக்கு இரண்டு சிறுநீரகமும் வேலைநிறுத்தம் செய்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் தாதர் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். போகும்போது பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சிக்னலுக்கு சிக்னல் எனக்கு ஓட்டச் சொல்லித்தருவார். வரும்போது துவண்ட துணியாகப் பின்சீட்டில் படுத்துக்கொள்வார். சில நாள் வாந்தி எடுப்பார். வண்டி எங்களோடு பதினெட்டு வருஷம் இருந்த வெள்ளைக் கார், அதில் எது நடந்தாலும் எங்களுக்குக் கூச்சம் இல்லை.

அன்று திரும்பி வரும்போது சயானை நெருங்குகையில் இன்ஜின் சூட்டைக் காட்டுகிற முள் சிவப்புக்கு ஏறியது. பின்னால் வெள்ளையாகப் புகை. வண்டி ஒருமுறை குலுங்கி நின்றுவிட்டது. இரண்டு டாக்ஸிக்காரர்கள் இறங்கி ஓரமாகத் தள்ளினார்கள். ஒருவர் எட்டிப் பார்த்து, “ஹெட் கேஸ்கட் உட் கயா”, கேஸ்கட் போய்விட்டது என்று தீர்ப்புச் சொன்னார். பக்கத்திலேயே ஒரு மதராஸி மெக்கானிக் இருக்கிறார் என்று சொல்லி, கயிறு கட்டி இழுத்துக்கொண்டுபோய் நீலத் தார்ப்பாய்க்கு முன்னால் விட்டதும் அவர்கள்தான்.

மெக்கானிக் வெளியே வந்தார். வண்டியைத் தொடவே இல்லை. “ஆறட்டும்க்கா” என்றார். முக்கால் மணி நேரம் ஆறவிட்டார். பிறகு எண்ணெய் ஊற்றும் மூடியைத் திருகி எடுத்துக் காட்டினார். அதன் அடியில் பால் விட்ட காப்பி நிறத்தில் கொழகொழவென்று ஏதோ ஒட்டியிருந்தது. எண்ணெயில் தண்ணீர் கலந்துவிட்டது என்றார். இன்ஜினுக்கு மேல் பாதி, கீழ் பாதி என்று இரண்டு உண்டாம். நடுவில் ஒரு தகடு, அதுதான் அந்தக் கேஸ்கட். நெருப்பு, எண்ணெய், தண்ணீர் மூன்றையும் ஒன்றோடொன்று சேராமல் அதது வழியில் போகவைப்பது அந்தத் தகடுதானாம்.

“அப்போ அந்தத் தகடு போயிருக்கா?” என்றேன்.

“தெரியாதுக்கா. அப்படித்தான் தோணுது. தெறந்து பாத்தாத்தான் தெரியும்.”

எத்தனை நாள் ஆகும் என்றேன். தெரியாது. வியாழனுக்கு இல்லாவிட்டாலும் சனிக்கிழமை காலைக்காவது வேண்டும் என்றேன். முடியுமா என்று தெரியாது. மேல் பாதியில் விரிசல் விழுந்திருந்தால் வண்டியே போய்விடும் என்றும் அவராகவே சொன்னார். விழுந்திருக்குமா? தெரியாது. எனக்கு வந்த கோபத்தில் கவுண்டருக்கு எதிரே இருபத்தாறு வருஷம் நான் பார்த்த முகங்கள் எல்லாம் நினைவுக்கு வந்தன.

பிறகு அவர் ரேடியேட்டர் மூடியைத் திறந்தார். விரலை விட்டு எடுத்தார். மூக்கருகில் கொண்டுபோனார். “இதுல என்னமும் போட்டியளாக்கா?” என்று கேட்டார்.

“எனக்குத் தெரியாது” என்றேன்.

அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். பின்சீட்டில் கண்ணை மூடிக் கிடந்த என் கணவரையும் பார்த்தார். விரலைத் துணியில் துடைத்துக்கொண்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

நான் சொன்னது பொய். மூன்று வாரமாக ரேடியேட்டர் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அதைக் கொண்டுபோய்க் காட்ட ஒரு நாள் ஒழியவில்லை. எங்கள் கட்டிடத்துக்கு எதிரே டாக்ஸி நிறுத்துகிறவரிடம் கேட்டேன். கொஞ்சம் ஹல்தி போடுங்கள், அடைத்துக்கொள்ளும் என்றார். காயம்பட்டால் நாம் வைக்காத மஞ்சளா, தகரத்துக்கு மட்டும் ஆகாதா என்று எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. சிட்டிகை என்று சொன்னாரோ ஸ்பூன் என்று சொன்னாரோ, நான் மூன்று ஸ்பூன் நன்றாகக் குவித்துப் போட்டேன். சொட்டுவது நின்றது. எனக்கு ஏக சந்தோஷம். அது ஓட்டையை மட்டும் அடைக்காமல் உள்ளே தண்ணீர் ஓடுகிற மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைத்திருக்கிறது என்பது முள் சிவப்புக்கு ஏறியபோதுதான் எனக்கு உறைத்தது. இதைக் கணவரிடம் நான் சொல்லவில்லை.

அன்று வீடு திரும்ப டாக்ஸி பிடித்தோம். அதுதான் தப்பாகப் போயிற்று. செம்பூருக்கு முன்னாலேயே இவருக்குக் குமட்டிவிட்டது. பையை எடுப்பதற்குள் சீட்டில் வாந்தி. ஓட்டுநர் வண்டியை நிறுத்தி, கதவைத் திறந்து, சிக்னலில் நாலு பேர் பார்க்க எங்களை இறங்கச் சொன்னார். என் கணவர் அந்த நடைபாதையில் உட்கார்ந்திருந்த கோலத்தை நான் மறக்கவே மாட்டேன். வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, “இனிமே யாரோட வண்டியிலும் நான் ஏறமாட்டேன்” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். நிதானமாகச் சொன்னார்.

வியாழக்கிழமை அவர் போகவில்லை. கெஞ்சினேன், அழுதேன், அவர் தங்கையை விட்டுப் பேசச் சொன்னேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். டாக்டரிடம் போனில் சொன்னதற்கு, சனிக்கிழமை வரவில்லையென்றால் நுரையீரலில் தண்ணீர் ஏறும், விளையாட்டில்லை என்றார். அன்று மாலைக்குள் கால் இரண்டும் வீங்கிவிட்டன. அதைவிட எனக்கு வலித்தது, வண்டிக்காக அவர் பட்ட வருத்தம். “பாவம், என்னைச் சுமந்து சுமந்தே அது வாயைப் பிளந்துடுத்து” என்று இரண்டு தடவை சொன்னார். நான் சமையலறைக்குள் போய்விட்டேன். அங்கே மஞ்சள் டப்பா எனக்கு நேர் எதிரே இருந்தது.

வியாழன் மாலையே தாராவிக்கு ஓடினேன். இன்ஜினின் மேல் பாதி ஒரு மேஜையில் கிடந்தது. பழைய தகட்டை எடுத்துக் காட்டினார். இட்லித் தட்டை நசுக்கித் தட்டையாக்கியது மாதிரி நாலு பெரிய ஓட்டை, சுற்றிலும் சின்னச் சின்ன ஓட்டைகள். இரண்டு பெரிய ஓட்டைகளுக்கு நடுவே கருகி அறுந்திருந்தது. புதிய தகட்டை அதன்மேல் வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து ஒவ்வொரு ஓட்டையாகப் பார்த்தார். கடையில் சரியானதுதான் கொடுத்திருப்பார்கள் இல்லையா என்றேன். “குடுத்திருப்பாவ. நாம பாக்கணும்லா” என்றார்.

மேஜைக்குப் பக்கத்தில் ஒரு அட்டைப் பெட்டியின் பக்கத்தைக் கிழித்து, அதில் அந்த மேல் பாதியின் படத்தை வரைந்து, கழற்றிய பத்து போல்ட்டுகளையும் அது அது இருந்த இடத்தில் குத்திவைத்திருந்தார். நாற்பது வருஷமாகச் செய்கிற வேலைக்கு அட்டை எதற்கு என்று கேட்டேன். “ஞாபகத்த நம்பப்பிடாதுக்கா” என்றார்.

ஒரு இரும்புப் பட்டையை மேல் பாதியின் அடியில் குறுக்கே வைத்து, காகிதம் போன்ற மெல்லிய தகட்டை அதற்குள் நுழைத்துப் பார்த்தார். நுழைந்தது. சூட்டில் வளைந்திருக்கிறது, லேத்தில் கொடுத்து இழைக்க வேண்டும் என்றார். விரிசலா? அதையும் லேத்தில்தான் தண்ணீர் அழுத்தம் கொடுத்துப் பார்ப்பார்கள். உங்கள் அனுபவத்தில் என்ன தோன்றுகிறது, சும்மா ஒரு வார்த்தை சொல்லுங்களேன் என்று கிட்டத்தட்டக் கையெடுத்துக் கும்பிட்டேன். என் கணவரின் உடம்பு நிலையையும் சொன்னேன். அந்த மனிதர் என் முகத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “எனக்குத் தெரியலைக்கா” என்றார். அப்போது அவரை நான் வெறுத்தேன் என்றே சொல்ல வேண்டும்.

பிற்காலத்தில் அவர் கடையில் அந்தப் பழைய பின்சீட்டில் உட்கார்ந்திருந்தபோது ஒரு டாக்ஸிக்காரர் இதே பாடு பட்டதைப் பார்த்தேன். இன்ஜின் தீபாவளி வரை தாங்குமா என்று கேட்டார். தெரியாது, திறந்து பார்க்கிறேன் என்றார் இவர். அவர் கோபித்துக்கொண்டு வேறு எங்கோ போய், ஒன்றும் ஆகாது என்று கேட்டுக்கொண்டு சந்தோஷமாகப் போனார். பத்து நாளில் கயிற்றில் கட்டி இழுத்து வந்தார்கள். நானாக இருந்தால் அவரை நிற்கவைத்து நாலு கேள்வி கேட்டிருப்பேன். இவர் ஸ்பானரை எடுத்துக்கொண்டு, “ஆறட்டும்” என்றார்.

ஏன் இப்படி இருக்கிறீர்கள் என்று ஒருமுறை நேராகவே கேட்டுவிட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டுத் தெரியாது என்றார்.

பிறகு என் கணவருக்கு அவர் தங்கை சிறுநீரகம் கொடுக்க முன்வந்தபோது இரண்டு டாக்டர்களைப் பார்த்தோம். முதலாமவர், பதினைந்து வருஷம் கவலையே வேண்டாம் என்றார். இரண்டாமவர், எத்தனை வருஷம் என்று தெரியாது, பார்த்துக்கொண்டே இருப்போம் என்றார். வெளியே வந்ததும் என் கணவர் இரண்டாமவரிடமே ஆபரேஷன் செய்துகொள்ளலாம் என்றார். நான் ஏன் என்று கேட்கவில்லை. இன்றைக்குக் காலையில்கூட நடந்துபோய்க் கீரை வாங்கிக்கொண்டு வந்தார்.

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். கவுண்டரில் கூட்டமான நேரம். போனில் ‘தெரியாது’ என்று வந்தது. எடுத்தேன். “விரிசல் இல்ல. பாத்துட்டேன்” என்றார். அவ்வளவுதான், வைத்துவிட்டார். எதிரே நின்றிருந்த ஒரு பெரியவர், தன் காகிதம் என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டிருந்தவர், நான் அழுவதைப் பார்த்துப் பயந்துபோய் மெதுவாக வரேன் என்று கிளம்பிவிட்டார். அவரைக் கூப்பிட்டு நிறுத்தி, உள்ளே போய்க் கோப்பைத் தேடிப் பார்த்துச் சொன்னேன். என் சர்வீஸில் அது புதுசு.

சாயங்காலம் வண்டியைக் கொண்டுவந்து எங்கள் காம்பவுண்டில் விட்டார். ரேடியேட்டரையும் கழற்றி அலசி ஓட்டையை அடைத்துவிட்டதாகச் சொன்னார். ஜன்னலில் நின்று என் கணவர் மூன்று நாளில் முதல்முறையாகச் சிரித்தார். மறுநாள் எட்டு மணிக்கு ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். அலாரம் ஐந்தரைக்கு வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினேன்.

ஐந்து மணிக்கே அடித்தது. அலாரம் இல்லை, போன்.

“வண்டிய எடுக்காதீங்கக்கா. ஸ்டார்ட்டும் பண்ணாதீங்க. வாரேன்.”

படுக்கையில் எழுந்து உட்கார்ந்தேன். என்ன ஆயிற்று என்று கேட்டேன். பத்து போல்ட்டையும் கடைசிச் சுற்று முடுக்கும்போது ஒவ்வொன்றின் தலையிலும் சாக்பீஸால் புள்ளி வைப்பாராம். நேற்று ஒன்பதாவது முடித்ததும் யாரோ கூப்பிட்டார்கள். திரும்பி வந்து பத்தாவதை முடுக்கினாரா, முடுக்காமல் மூடிவிட்டாரா என்று விடியற்காலையில் விழித்ததும் சந்தேகம் வந்துவிட்டதாம். இன்ஜின் சூடேறிவிட்டால் சரியாகப் பார்க்க முடியாது, குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும் என்றார். முடுக்கியிருப்பீர்கள் என்றாள், என் குரலில் இருந்த கவுண்டர்க்காரி. தெரியாது என்றார் அவர்.

ஆறரைக்குப் பஸ்ஸில் வந்து இறங்கினார். துணிப்பையில் அந்த நீளமான முடுக்கி. உரிய இறுக்கம் வந்ததும் டக்கென்று சத்தம் போடுகிற முடுக்கி அது. என் கணவர் சால்வையைப் போர்த்திக்கொண்டு, வீங்கிய காலோடு ஒவ்வொரு படியாக இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். இரண்டு மாடி இறங்கியதிலேயே மூச்சு வாங்கியது. மெக்கானிக் மேல்மூடியைக் கழற்றினார். ஒன்பது போல்ட்டில் வெள்ளைப் புள்ளி. பத்தாவதில் இல்லை.

அவர் அதில் முடுக்கியை மாட்டி மெதுவாக இழுத்தார். இழுத்த உடனே டக். மற்ற ஒன்பதையும் வரிசையாகப் பார்த்தார். ஒன்பது டக். சாக்பீஸை எடுத்துப் பத்தாவதிலும் புள்ளி வைத்தார்.

“அப்போ எல்லாம் சரியாத்தான் இருந்திருக்கு. நீர் இவ்வளவு தூரம் வந்தது வீண்தானே?” என்றார் என் கணவர்.

“வீணா இல்லையான்னு வந்து பாத்தாத்தான சார் தெரியும்.”

என் கணவர் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு தானே முன்கதவைத் திறந்து, அவரை உட்காரச் சொல்லி, சயான் வரை விட்டுவிடுகிறோம் என்றார். தான் பின்சீட்டில் தலையணையோடு ஏறிக்கொண்டார். ஏறுவாரா மாட்டாரா என்று நாலு நாளாக நான் பட்ட பாடு அந்த ஒரு நிமிஷத்தில் போய்விட்டது.

வண்டி பூனை மாதிரி கிளம்பியது. மெக்கானிக் தலையைச் சாய்த்து இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தார். நான் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். சுனாபட்டி சிக்னலில் நின்றபோது பின்னாலிருந்து என் கணவர் அவரிடம் பேச ஆரம்பித்தார்.

“வாரத்துக்கு மூணு நாள் என்னை ஏத்திண்டு அலைஞ்சா, பழைய வண்டி என்ன பண்ணும்? என்னாலதான் இதுக்கு இப்படி ஆச்சு.”

மெக்கானிக் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

“ஏன்னா, உங்களால இல்லை. நான்தான் ரேடியேட்டர்ல மஞ்சப்பொடி போட்டேன்.”

சிக்னல் பச்சையானது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். நான் வண்டியை எடுத்தேன். கொஞ்ச தூரம் போன பிறகு என் கணவர் மெக்கானிக்கைக் கேட்டார்.

“இது உமக்குத் தெரியுமா?”

“தெரியும் சார்.”

பார்த்தால்தான் என்ற ஒட்டு இல்லாமல் அந்த மனிதர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

“எப்போ?”

“செவ்வாக்கெழமையே. மூடியத் தெறந்ததும் வாசம் அடிச்சுது.”

“அப்போ ஏன்யா சொல்லலை?”

அவர் வழக்கம்போல் கையைத் துடைத்துக்கொண்டார்.

“அக்காவே சொல்லுவாவளா, மாட்டாவளான்னு எனக்குத் தெரியாதுல்லா.”

என் கண் கலங்கிவிட்டது. ரோடு தெரியாமல் வேகத்தைக் குறைத்தேன். பின்சீட்டிலிருந்து இருமல் மாதிரி ஒரு சத்தம் வந்தது. பயந்து கண்ணாடியில் பார்த்தேன். சிரித்துக்கொண்டிருந்தார்.

“எத்தனை ஸ்பூன்?” என்றார்.

“மூணு.”

“அடிப்பாவி, சாம்பாருக்கே அரை ஸ்பூன்தானே போடுவே?”

சயானில் மெக்கானிக் இறங்கினார். இறங்கியும் போகாமல், பானெட்டில் உள்ளங்கையை வைத்து இன்னொரு நிமிஷம் நின்று கேட்டார். பழக்கதோஷத்தில் நான், ஆஸ்பத்திரி வரைக்கும் தாங்குமா என்று கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

“அதான் பாத்துட்டேன்லா. போங்கக்கா” என்றார்.

எட்டு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தோம். முள் நடுவில்தான் இருந்தது. நர்ஸ் ஊசி போடக் கையை நீட்டச் சொன்னபோதும் என் கணவர் சிரித்துக்கொண்டிருந்தார்.